பிறந்த குழந்தைக்கும் நடக்கிற குழந்தைக்கும் ஒரே கேரியர் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 5 வாரம் ஆகிறது. பிறக்கும்போது 2.6 கிலோ, இப்போது 3.3 கிலோ. கீழே விட்டால் அழுகிறாள். எங்களுடையது மாடி வீடு, கையில் பிள்ளையோடு படி ஏற பயமாக இருக்கிறது. பிள்ளையை உடம்போடு கட்டிக்கொண்டு தூக்கும் பேபி கேரியர், ‘பிறந்த நாள் முதல் 3 வயது வரை’ என்று போட்டது, 800 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 6,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? காலை அகட்டி வைத்தால் வளைந்துவிடும், வேண்டாம் என்கிறார் அத்தை. வண்டியில் போகவும் உதவுமே என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அத்தையின் பயத்தைப் பேசிவிடுவோம். உங்கள் கணவரைச் சின்ன வயதில் இடுப்பில் எப்படி வைத்திருந்தார் என்று அவரையே கேளுங்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், தொடை இரண்டும் அகன்று, முட்டி மடங்கி. இடுப்பு மூட்டுக்கு நல்லதென்று மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான். பிறந்த குழந்தைக்குத் தொடை எலும்பின் உருண்டையும் அது உட்காரும் குழியும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். தொடை அகன்று மடங்கியிருந்தால் உருண்டை குழிக்குள் நன்றாக உட்காரும். காலை நேராக நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றினால்தான் விலகிப்போக வாய்ப்பு அதிகம், அதுவும் முதல் ஆறு மாதத்தில். கால் வளைவு வேறு விஷயம். எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தானாக நேராகிவிடும்.

கேரியரை எடை போடவும் இதுவே வழி. குழந்தை அதில் தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும்: முட்டி பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில், துணி ஒரு முட்டியிலிருந்து மறு முட்டி வரை தொடையைத் தாங்கியபடி. என் மூத்தவனுக்குப் பெட்டியில் இருந்த படத்தை நம்பி ஒன்று வாங்கினேன். தொடைக்கு நடுவில் நான்கு விரல் அகலத் துணிதான். கால் இரண்டும் தொங்கும். அரை மணி நேரத்தில் தொடை இடுக்கில் சிவப்பாகக் கோடு விழுந்துவிடும். பாவம், அவன் அழுததெல்லாம் பசிக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ‘அட்ஜஸ்டபிள்’ என்று போட்டிருந்தால் எது அட்ஜஸ்ட் ஆகிறது என்று பாருங்கள். பலவற்றில் தோள்பட்டை வார் மட்டும்தான் நீளும், குறையும். உங்களுக்கு வேண்டியது, உட்காரும் இடத்தின் அகலத்தை வெல்க்ரோவாலோ நாடாவாலோ சுருக்கவும் விரிக்கவும் முடிகிற கேரியர். முதுகுத் துணியின் உயரமும் மாற வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் ‘3 வயது வரை’ என்பதை நம்பாதீர்கள்.

‘பிறந்த நாள் முதல்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் தாளைப் படித்தால் பலவற்றில் குறைந்த எடை 3.2 கிலோ அல்லது 3.5 கிலோ என்று இருக்கும். நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இரண்டரை, மூன்று கிலோவில்தான் பிறக்கின்றன. உங்கள் மகள் இப்போதுதான் அந்த எல்லைக்கு வந்திருக்கிறாள். 3.5 என்று போட்டிருந்தால் அந்த எடை வரட்டும், காத்திருங்கள். சிலவற்றோடு பச்சிளம் குழந்தைக்கென்று தனி மெத்தை தருகிறார்கள். நம் வெயிலுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. பருத்தியோ வலைத்துணியோ போதும். கேரியரையே ஒரு சட்டை என்று கணக்கு வைத்து, உள்ளே மெல்லிய உடுப்பு மட்டும் போடுங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தோளில் மாட்டும் துணித்தொட்டில் மாதிரியான ஸ்லிங்கோடு தொடர்புடையதாக 20 ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகளின் மரணம் அதன் பார்வைக்கு வந்திருந்தது. அதில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிறையாதவை. கழுத்து நிற்காத குழந்தை குறுகிப் படுத்தால் தாடை நெஞ்சில் போய் அழுந்தும், மூச்சுக்குழாய் மடங்கும். அழக்கூட அதனால் முடியாது. ஆகவே படுக்கவைக்கும் பை மாதிரி எதுவும் வேண்டாம், நிமிர்ந்து நெஞ்சோடு ஒட்டியிருப்பதே வேண்டும். மாட்டியதும் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், துப்பட்டாவால் மூடக் கூடாது. முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். குழந்தை இன்னும் உங்கள் பக்கம் நகர்ந்தால் வார் தளர்வாக இருக்கிறது, இறுக்குங்கள். பாலுக்காகக் கீழே இறக்கியிருந்தால், குடித்து முடித்ததும் மறுபடி மேலே ஏற்றிவிடுங்கள்.

விலைக்கு வருகிறேன். 6,000 கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் இடுப்புப் பட்டை அகலமாகவும் உறுதியாகவும் இருப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எட்டு, பத்து கிலோ ஆனதும் பாரம் தோளில் நிற்காமல் இடுப்புக்கு இறங்குவது அதனால்தான். சிசேரியன் என்றால் பட்டை தையலில் படாமல் அதற்கு மேல் பக்கமாகக் கட்டுங்கள். கணவரும் அத்தையும் தூக்குவார்கள் என்றால் அவர்கள் இடுப்புக்கும் பட்டை எட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முதல் இரண்டு நாள் மூன்று கிலோ அரிசியைத் துண்டில் சுற்றி, கட்டில் பக்கத்தில் நின்று மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். வெளியே பார்த்தபடி வைப்பது ஆறு மாதத்துக்கு அப்புறம், அதுவும் கொஞ்ச நேரம். முதுகில் சுமப்பது தானாக உட்காரப் பழகிய பிறகு. அடுப்படியில் எப்போதும் வேண்டாம்.

வண்டி? இதில் கணவர் பேச்சைக் கேட்காதீர்கள். பேபி கேரியர் நடப்பதற்கு மட்டுமே. வண்டி விழுந்தால் அது பிள்ளையைக் காப்பாற்றாது, முன்னால் கட்டியிருந்தால் உங்கள் உடம்பே அவள் மேல் விழும். 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிப்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் அதற்கென்றே செய்த பாதுகாப்பு வார் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, ஒன்பது மாதம் ஆனதிலிருந்து ஹெல்மெட்டும் வேண்டும். கழுத்து நிற்காத உங்கள் மகளுக்கு எந்த வாரும் போதாது. அம்மா வீட்டுக்கு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போங்கள்.

அடுத்த வாரம் ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போவீர்கள் அல்லவா? எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தலை கீழே திரும்பாமல் பிறந்தவள் என்றாலோ, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு மூட்டு விலகியிருந்தது என்றாலோ அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், கால் பற்றிய சந்தேகத்தை அவரே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.