முழுதாக முறுக்கினால் திணறும் ஸ்கூட்டர்

கேள்வி: கார்புரேட்டர் உள்ள 110 சிசி ஸ்கூட்டர். பாதி ஆக்ஸிலேட்டர் வரை நன்றாக ஓடுகிறது. முழுதாக முறுக்கினால் திணறி வேகம் இறங்குகிறது. சற்றுத் தளர்த்தினால் மறுபடி இழுக்கிறது. பிளக் புதிதாகப் போட்டும் பயனில்லை. என்ன கோளாறு?

பதில்: தளர்த்தினால் இழுக்கிறது என்கிறீர்களே, அதுவே நல்ல துப்பு. பெரும்பாலும் முழு வேகத்துக்குத் தேவையான பெட்ரோல் வந்து சேரவில்லை. முதலில் செலவில்லாத சோதனை: திணறும்போது வண்டியை ஓரங்கட்டி டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். உடனே சரியாகி, சில கிலோமீட்டரில் மீண்டும் திணறினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

இல்லையென்றால் பெட்ரோல் ஃபில்டரை மாற்றிவிட்டு, கார்புரேட்டரின் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். முழுத் திறப்பில் பெட்ரோல் தருவது மெயின் ஜெட் என்ற சிறுதுளைத் திருகுதான். கிண்ணத்தில் பழுப்புப் பிசின் படிந்திருந்தால் ஜெட்டும் அடைத்திருக்கும். கிளீனர் தெளித்துக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது, துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். இன்ஜின் உறிஞ்சும் விசையில் இயங்கும் வேக்யூம் வகை கார்புரேட்டரானால் மேல்மூடியைத் திறந்து டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசித்துளைக் கிழிசல் இருந்தாலும், காற்று வழியைத் திறக்கும் சிலைடு முழுதாக ஏறாது.

பிளக் நுனி கரியாகக் கறுத்திருந்தால் கதையே வேறு: ஏர் ஃபில்டர் அடைப்பு. இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையா? பெல்ட்டையும் கிளட்சையும் பாருங்கள், கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.