டார்க் குறைந்த பிறகும் ஏன் இழுக்க வேண்டும்?

கேள்வி: என் காரில் அதிகபட்ச டார்க் (இன்ஜினின் திருப்பு விசை) 4,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4,800 சுற்று) வருகிறது. அதற்கு மேல் டார்க் இறங்கத்தானே செய்யும்? அங்கேயே கியரை மாற்றாமல் எதற்கு 7,000 வரை இழுக்கச் சொல்கிறார்கள்?

பதில்: 4,800-ல் மாற்றாதீர்கள். நீங்கள் பார்ப்பது இன்ஜினின் டார்க்கை. காரைத் தள்ளுவதோ சக்கரத்துக்கு வந்து சேரும் டார்க், அதை கியர்பாக்ஸும் ஃபைனல் டிரைவும் (சக்கரத்துக்கு முன் வரும் கடைசி பல்சக்கர ஜோடி) பெருக்கித் தருகின்றன.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மொத்த கியர் ரேஷியோ (டார்க் எத்தனை மடங்காகிறது என்பது) இரண்டாவது கியரில் 8, மூன்றாவதில் 5.5 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 4,800-ல் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது, 7,000-ல் அது 240 ஆகிவிடுகிறது. இரண்டாவதிலேயே 7,000 வரை போனாலும் சக்கரத்தில் 240 பெருக்கல் 8, அதாவது 1,920 இருக்கிறது. அந்த வேகத்தில் மூன்றாவதைப் போட்டால் ஆர்பிஎம் சரியாக 4,800 பக்கம் வந்து நிற்கும், இன்ஜின் முழு 300-ஐயும் கொடுக்கும், அப்படியும் சக்கரத்துக்கு 1,650தான்! (உராய்வில் போவதை இங்கே சேர்க்கவில்லை.) நீங்கள் சொல்வதுபோல 4,800-லேயே மாற்றினால் ஆர்பிஎம் 3,300-க்கு விழும், அந்த 1,650கூடக் கிடைக்காது.

ஒரே கியருக்குள் பார்த்தால் டார்க் உச்சத்தில்தான் முதுகு சீட்டோடு அழுந்தும், குழப்பம் அதனால்தான் வருகிறது. அதற்குப் பிறகு தள்ளல் குறைவது உண்மைதான், ஆனால் அடுத்த கியரில் அது இன்னும் குறைவு.

1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000-ஐப் பாருங்கள். டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜின், டார்க் வெறும் 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500-ல். சாதாரண டீசல் கார்களே இதைவிட அதிகம் தரும். ஆனால் இது 9,000 வரை சுற்றும் என்பதால் குட்டையான கியர்களை (ரேஷியோ அதிகமானவை) போட முடிந்தது, 8,300-ல் 240 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர் வந்தது. டீசல் இன்ஜின் 4,500-க்குள் மூச்சு வாங்கிவிடும், அதற்கு நீளமான கியர்தான் பொருந்தும். அதை ரெட்லைன் (இன்ஜின் சுற்றலாம் என்ற உச்ச வரம்பு) வரை விரட்டுவதில் லாபம் இல்லை, கொஞ்சம் முன்பே மாற்றிவிடலாம்.

கேள்வி: ஃபைனல் டிரைவை 10 சதவீதம் குட்டையாக்கினால் 0-100 நேரம் (நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகம் எட்டும் நேரம்) குறையுமா?

பதில்: குறையலாம், கூடவும் செய்யலாம். ஒவ்வொரு கியரிலும் தள்ளல் 10 சதவீதம் ஏறும், சரி. ஆனால் இப்போது இரண்டாவது கியர் 104 கி.மீ. வரை போகிறதென்றால் அது 95-க்குள் முடிந்துவிடும். 100-ஐத் தொட இன்னொரு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும், சேமித்தது அங்கேயே போய்விடும். முதல் கியரில் ஏற்கெனவே டயர் வழுக்குகிறதென்றால் முதலில் டயரை மாற்றுங்கள்.