விட்டால்தான் மூச்சு: வாசகர் கேள்வி – பதில்

நுரையீரலுக்குத் தசையே கிடையாது என்று மகளின் பாடப்புத்தகத்தில் படித்தேன். பிறகு எப்படி விரிகிறது? வேகவேகமாக மூச்சு வாங்கினால் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்குமா?

தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலுக்கு இல்லை என்பது சரிதான். அந்த வேலையைச் செய்வது அதன் அடியில் கவிழ்த்த கிண்ணம் போல் இருக்கும் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் இந்தத் தசை சுருங்கும்போது, கிண்ணம் தட்டையாகிக் கீழே இறங்கும். விலா எலும்புகள் மேலெழும்பும். மார்புக்கூட்டுக்குள் இடம் கூடி, அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று பாய்ந்து வரும். வெளியே விடுவதற்குத் தனி முயற்சி தேவையில்லை. தசை தளர்ந்தால் போதும். ரப்பர் போல இழுபட்டிருந்த நுரையீரல் தானே சுருங்கிவிடும். மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேல் கையை வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்புவது உதரவிதானம் இறங்குவதால்தான்.

உள்ளே போன காற்று மூச்சுக்குழல் வழியாக இறங்கி, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகச் சுமார் 23 முறை கிளை பிரிந்து, கடைசியில் நுண்ணறைகளைச் சேரும். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வேகமான மூச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக ஒரு மூச்சில் 500 மில்லி காற்று போகிறது. அதில் 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும், நுண்ணறைக்குப் போகாது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் பயன்படும் காற்று 350 × 12 = 4,200 மில்லி. இதையே மேலோட்டமாக, 250 மில்லி வீதம் 24 முறை இழுத்தால் மொத்தக் காற்று அதே 6 லிட்டர்தான்; நுண்ணறைக்குப் போவதோ 100 × 24 = 2,400 மில்லி. உழைப்பு இரட்டிப்பு, பலன் ஏறக்குறைய பாதி. மூச்சு வாங்கும்போது “மெதுவாக, ஆழமாக இழுங்கள்” என்று சொல்வது இதனால்தான்.

எட்டு வயது மகனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் அடித்தும் இளைப்பு அடங்கவில்லை. மருந்தை மாற்றச் சொல்லலாமா? பழகிவிட்டால் விட முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

மருந்தை மாற்றுவதற்கு முன், அவன் அடித்துக்கொள்ளும் முறையை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வது நல்லது. ‘மூச்சு விட முடியவில்லை’ என்று தமிழில் சொல்கிறோமே, ஆஸ்துமாவில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி அடைக்கிறது. காற்றை இழுக்கும்போது குழாய்கள் கொஞ்சம் விரிவதால் காற்று எப்படியோ உள்ளே போய்விடும். விடும்போது அவை மேலும் குறுகிவிடும். ‘வீசிங்’ சத்தம் பெரும்பாலும் மூச்சு விடும்போது கேட்பதற்குக் காரணம் அதுதான். பழைய காற்று வெளியேறாமல் நெஞ்சு உப்பியபடியே நின்றால், அடுத்த மூச்சுக்கு உள்ளே இடம் இருக்காது.

அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை இந்த வயதில் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் கொடுக்காதீர்கள். நேரடியாக அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே படிந்துவிடும். முறை இதுதான்: மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்துங்கள். பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், ஸ்பேசர் வாயை உதடுகளால் இடைவெளியில்லாமல் கவ்வ வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். அவன் மெதுவாக இழுக்கட்டும். ஸ்பேசரில் விசில் சத்தம் வந்தால் வேகமாக இழுக்கிறான் என்று பொருள். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். அடக்க முடியாத பிள்ளை, கவ்விய வாயை எடுக்காமல் ஐந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டாலும் போதும். இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி அடியுங்கள். நேரம் மிச்சமாகும் என்று இரண்டையும் சேர்த்து ஸ்பேசருக்குள் அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படிந்துவிடும். பிள்ளைக்குப் போகும் அளவு குறையும்.

ஸ்பேசரைத் துணியால் துடைப்பதும் தவறு. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, தானாக உலர விடுங்கள். பவுடர் வகை இன்ஹேலருக்கு இந்த விதிகள் பொருந்தாது. அதைக் குலுக்கக் கூடாது, அதற்குள் ஊதக் கூடாது, வேகமாகவும் அழுத்தமாகவும் இழுக்க வேண்டும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

அடுத்ததாக, கையில் இருப்பது எந்த மருந்து என்று பாருங்கள். சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்துகள் இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும்; நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அவை தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். அது இளைப்பு இல்லாத நாளிலும், மருத்துவர் சொன்னபடி தவறாமல் எடுக்க வேண்டியது; எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெண்பூஞ்சை வரலாம். நிவாரண இன்ஹேலரை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேடுகிறான் என்றால் நோய் கட்டுக்குள் இல்லை.

பழகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. ஒரு பஃபில் இருக்கும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 பஃபுக்குச் சமம். உடல் முழுக்கச் சுற்றிக் கைநடுக்கமும் படபடப்பும் தந்துவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். இன்ஹேலரைக் கண்டு பயந்து மாத்திரையை விழுங்க வைப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, கழுத்துக்குழியும் விலா இடுக்கும் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். திணறிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வீசிங் சத்தம் திடீரென நின்றுபோனால் நிம்மதி அடையாதீர்கள். காற்றோட்டமே நின்றுபோகிற அளவுக்கு அடைத்திருக்கலாம். எல்லா அறிகுறிகளிலும் மோசமானது இது.

இருபது வருடம் சிகரெட் பிடித்தேன். விட்டு மூன்று வாரம் ஆகிறது. முன்பைவிட இருமலும் சளியும் கூடிவிட்டன. விட்டது தப்பா?

தப்பே இல்லை. மூச்சுக்குழல்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் நெல்வயல் போல் நிற்கின்றன. வினாடிக்கு 10 முதல் 20 முறை அசைந்து, தூசி ஒட்டிய சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். சிகரெட் புகை இந்த இழைகளை முடக்குகிறது, நாளடைவில் உதிர்க்கிறது. அதே சமயம் சளிச் சுரப்பிகளைப் பெருக்குகிறது. குப்பை கூடுகிறது, கூட்டுபவர் படுத்துவிடுகிறார். புகைப்பவரின் காலை இருமல், இரவில் தேங்கியதை வெளியே தள்ள உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி.

விட்டபின் இழைகள் மீண்டும் முளைத்து வேலையைத் தொடங்குவதால், சிலருக்குச் சில வாரங்கள் சளி அதிகம் வருவதுண்டு. அதை அடக்கும் இருமல் சிரப் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்து, வருவதைத் துப்பிவிடுங்கள். அடுத்தடுத்த மாதங்களில் குறைந்துவிடும். உடைந்துபோன நுண்ணறைச் சுவர்கள் மட்டும் திரும்ப வளராது. ஆனால் மேற்கொண்டு உடையும் வேகம் மட்டுப்படும். பத்து வருடம் தாண்டினால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாகும்.

சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ‘விட்டதால் வரும் இருமல்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கணவர் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூக்கில் துண்டு கட்டிக்கொள்கிறார். போதுமா?

போதாது. கண்ணுக்குத் தெரிகிற தூசியைத் துண்டு பிடிக்கும். அதை மூக்கே பிடித்துவிடும். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்பவை. நுண்ணறைவரை இறங்குவது சில மைக்ரானே உள்ள சிலிக்கா என்ற கல் கனிமத்தின் துகள். இயந்திரத்தை நிறுத்தியபின்னும் நெடுநேரம் காற்றில் மிதப்பது. நுண்ணறையில் மயிரிழைகள் கிடையாது. அங்கே காவல் நிற்கும் செல்கள் துகளை விழுங்குகின்றன, ஜீரணிக்க முடியாமல் சாகின்றன, துகள் மறுபடி வெளிவருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தழும்பு ஏறி, மெல்லிய சுவர் தடித்துப்போகிறது. இதுதான் சிலிகோசிஸ். உள்ளே போன துகளை வெளியே எடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்டபிறகும் நோய் முற்றலாம், காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். பளிங்கில் சிலிக்கா மிகக் குறைவு, கிரானைட்டில் மூன்றில் ஒரு பங்கு போல இருக்கும். பிசின் கலந்து தயாரிக்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. இளம் தொழிலாளர்கள் சில வருடங்களிலேயே நோயில் விழுந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தப் பலகைகளுக்குத் தடை போட்டது.

தூசியை அது பிறக்கும் இடத்திலேயே அமுக்க வேண்டும். அறுக்கும் சக்கரத்தில் இடைவிடாமல் தண்ணீர் விழ வேண்டும். முடிந்தால் பக்கத்தில் உறிஞ்சு குழாயும் வேண்டும். மாஸ்க் அதற்கு அடுத்த கவசம். என்95, 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் மட்டுமே. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். போட்டபின் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வேகமாக ஊதச் சொல்லுங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்ய வேண்டும். உலர்ந்த தரையைப் பெருக்குவதும், உடையில் ஒட்டிய தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் அடங்கிக் கிடந்ததைக் கிளப்பிவிடும் வேலைகள். உடையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரட்டும். மூச்சு வாங்காவிட்டாலும் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரேயும், ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுக்க வேண்டும்; நோய் முதலில் சத்தம் காட்டாது.

நீச்சலில் நீருக்கடியில் அதிக நேரம் இருக்க, முங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சு விடச் சொல்கிறான் நண்பன். செய்யலாமா?

கூடவே கூடாது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, ரத்தத்தில் ஏறும் கரியமில வாயு. வேகமாக ஊதும்போது ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, ஏற்கெனவே ரத்தம் கிட்டத்தட்ட நிறைந்திருக்கிறது. கரியமில வாயு மட்டும் வெகுவாகக் குறையும். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு முங்குவதற்கு ஒப்பு இது. திணறல் தெரியும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியில் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

மின்வெட்டின்போது ஜெனரேட்டரை வீட்டை ஒட்டிய கொட்டகையில் வைத்து ஓட்டுகிறோம். சில நாள் எல்லோருக்கும் தலைவலி. ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

அந்த 98-ஐ நம்பாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து, வெளியே போனதும் தெளிகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடைத்தான். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உயிர் ஊசலாடும்போதும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும்.

மறுபடி தலைவலி தொடங்கினால் எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். தூங்குபவரையும் எழுப்பிக் கூட்டி வாருங்கள். ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும் என்று கொட்டகைக்குள் போய் நிற்காதீர்கள். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் மருத்துவமனையில் “ஜெனரேட்டர் புகை” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் நேரடியாக அளந்து பார்ப்பார்கள். கருவுற்றவர் இருந்தால், அவருக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் அழைத்துப் போங்கள்.

கொட்டகைக் கதவைத் திறந்து வைப்பது, மின்விசிறி போடுவது எதுவும் போதாது. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காதபடி திருப்பி, திறந்த வெளியில் வையுங்கள். படுக்கை அறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டுங்கள்.