கரண்டையில் அடி, விரலில் ஏன் நீலம்?

கேள்வி: ஆறு நாளைக்கு முன் கடல்பாசி எடுக்கப் போனபோது, வத்தைப் படகிலிருந்து இறங்குகையில் கல் வழுக்கிக் கணுக்கால் கரண்டை பிசகிவிட்டது. வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. ஆனால் அடியே படாத விரல் இடுக்கிலும் குதிகால் ஓரத்திலும் நீலம். கெட்ட ரத்தம் பரவுகிறது, நீவினால்தான் கலையும் என்கிறார்கள். நீவலாமா அக்கா? எப்போது கடலில் இறங்கலாம்?
- வாசகி, பாம்பன்

பதில்: நீவ வேண்டாம் தங்கச்சி.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது கரண்டையின் வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது, கூடவே மெல்லிய ரத்தக்குழாய்களும். கசிந்த ரத்தம் தோலுக்கடியில் பள்ளம் பார்த்து இறங்கும். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலே விரல் வரை வந்துவிடும். பரவுகிற நோய் இல்லை அது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறையும். பச்சையைப் பார்த்துச் சீழ் என்று பயப்படாதீர்கள்.

என் அம்மா மண்டபத்தில் கருவாட்டுக் கூடை சுமந்தவர். கால் பிசகிய மறுநாளே சுடுதண்ணீர் ஊற்றி, எண்ணெய் போட்டு அழுத்தி நீவினார்கள். சாயந்திரத்துக்குள் கொலுசு சதையில் புதைந்துவிட்டது; வெட்டித்தான் எடுத்தோம். அந்த வெள்ளித் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள். வீக்கம் மீதி இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மீன் பெட்டியில் உப்புப் போட்ட ஐஸ் மட்டும் வேண்டாம். அதற்குக் குளிர்ச்சி அதிகம், தோலைப் பொசுக்கிவிடும்.

அப்புறம் ஒன்று பாருங்கள். கரண்டையின் இரு பக்கமும் துருத்தும் மொழி எலும்பின் பின் ஓரத்தையும், சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும் அழுத்துங்கள். அங்கே சுரீர் என்று வலித்தாலோ, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, உள்ளங்கால் நடுவில் நீலம் தெரிந்தாலோ நாளைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மூன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் சுளுக்குதான்.

கடலுக்கு அவசரப்படாதீர்கள். வீட்டுத் தரையில் வலிக்காமல் நடப்பது வேறு, தண்ணீருக்குள் பாசி படிந்த கல்லில் நிற்பது வேறு. தசைநார் தேற ஆறு வாரமாவது பிடிக்கும். வலி குறைந்ததும் தினமும் சுவர் ஓரமாக ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். சுவரைப் பிடிக்காமல் அரை நிமிடம் ஆடாமல் நின்றால், அடுத்து கரை மணலில் நடந்து பாருங்கள். அதற்குள் இறங்கினால் அதே கால் அதே இடத்தில் மறுபடி பிசகக்கூடும். வருமானம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை கரையில் உட்கார்ந்து பாசி உலர்த்தும் வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு, உங்கள் முறைக்கு வேறொருவரை வத்தையில் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.