வேதத்துக்குப் பொருள் சொல்வது யார்? கேள்வி பதில்

(பதில் சொல்பவர், தேவகோட்டைப் பக்கம் வெகுகாலம் ஞாயிறு மறைக்கல்வி எடுத்த கத்தோலிக்கர்.)

காரைக்குடித் தம்பி: பைபிளை நானே படித்துப் புரிந்துகொள்கிறேன். நடுவில் திருச்சபை எதற்கு?

பதில்: தினமும் படியுங்கள் தம்பி. பவுல் சொன்னதையே பெரேயா ஊர்க்காரர்கள் மறைநூலைப் பார்த்துச் சரிபார்த்தார்கள். திருத்தூதர் பணிகள் 17-இல் அதைப் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் 8-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். எத்தியோப்பிய அதிகாரி தேரில் எசாயா படித்துக்கொண்டு போகிறார். "புரிகிறதா?" என்கிறார் பிலிப்பு. யாராவது விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்கிறார் அவர். பிலிப்பு தேரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறார். திருச்சபை அப்படி உட்கார வேண்டும். அதன் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்று 1965-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லிவிட்டது. ஒன்று மட்டும்: ஒற்றை வசனத்தைக் கிள்ளி எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: புரட்டாசியில் எங்கள் வீட்டில் ஒருவர் ராமாயணம் படிக்க, மற்றவர்கள் கேட்போம். உங்களிலும் அப்படி உண்டா?

பதில்: உண்டு ஆச்சி. ஒவ்வொரு பூசையிலும் ஒருவர் வாசிக்க, சபையே கேட்கும். அச்சுப் புத்தகம் வரும்வரை பெரும்பாலானவர்களுக்கு வேதம் காது வழியாகத்தான் வந்தது.

புதுவயல் வாசகர்: மறைநூலின் இறைவாக்கு எதுவும் தனிப்பட்ட விளக்கத்துக்கு உரியதல்ல என்கிறதே 2 பேதுரு 1:20, அதன்படி தனியாகப் படிப்பது பாவமா?

பதில்: இல்லை. 21-ஐயும் சேர்த்துப் படியுங்கள்: இறைவாக்கு மனித விருப்பத்தால் வரவில்லை, தூய ஆவியால் தூண்டப்பட்டவர்கள் பேசியது என்கிறது. கிள்ளாதீர்கள் என்றேனே.

தேவகோட்டை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) அண்ணன்: 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் கூட்டிய சபையில் சீர்திருத்தவாதி லூத்தர், தன் மனசாட்சி இறைவார்த்தைக்கே கட்டுப்பட்டது என்று தனியாக நின்றாரே?

பதில்: நின்றார் அண்ணே, அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க்கில் அவரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும், இயேசு அப்பத்தை எடுத்துச் சொன்ன "இது என் உடல்" என்ற வரி நேர்ப்பொருளா உருவகமா என்று வாதாடினார்கள். லூத்தர் அதை மேசையிலேயே சாக்குக்கட்டியால் எழுதி வைத்தார். இருவருக்கும் வேதமே அதிகாரம். அந்த வரியை யார் தீர்ப்பது?

அண்ணன்: சங்கம் தீர்த்த லட்சணம்தான் தெரியுமே! 1415-இல் திருச்சபையின் கான்ஸ்டன்ஸ் சங்கம் செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸை எரிக்கக் கொடுத்ததே? மார்புர்க்கிலும் 15 கொள்கைப் பிரிவுகளில் 14-க்கு லூத்தரும் ஸ்விங்லியும் ஒத்துப்போனார்களே?

பதில்: ஹுஸ் விஷயத்தில் சமாதானம் சொல்ல மாட்டேன். 1999-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வருத்தம் தெரிவித்தார், எவ்வளவு தாமதம்! 14-ஐ நான் சொல்லாமல் விட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

கானாடுகாத்தான் வாசகர்: பைபிளைத் தனியாகப் படிக்கலாமா?

பதில்: மேலே இருக்கிறது.

இன்னொருவர்: திருவெளிப்பாட்டில் வரும் 666 என்ற எண் யாரைக் குறிக்கிறது?

பதில்: பங்குச் சாமியாரைக் கேளுங்கள். வசனத்தைக் கிள்ளாதீர்கள்.

அண்ணே, மிச்சம் இதுதான். மார்புர்க்கில் ஒத்துப்போகாத அந்தப் பதினைந்தாவது பிரிவு நற்கருணை பற்றியது, நீங்கள் திருவிருந்து என்பது. போன மாதம் உங்கள் கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தேன். திருவிருந்து வேளையில் எல்லோரும் எழுந்து போனார்கள். நம் சபைகள் இதில் பிரிந்திருப்பதால் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு அது வலித்தது.