பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

பழைய பியட் ஒன்றை வீட்டில் வைத்தே சரிசெய்து வருகிறேன், பெயிண்டும் நானே அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம். நான் அடித்தேன், இரண்டு முறை! முதல் முறை அடித்தது ஏன் பாழானது என்பதைச் சொல்கிறேன்.

என்னுடையது அப்பா வைத்திருந்த 1984 பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் தயாரான பியட் 1100-க்கு 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. எங்கள் தூத்துக்குடியில் கடைசிவரை அது பியட்டுதான். உப்புக்காற்று ஊர். வெளிப்பார்வைக்கு வண்டி நன்றாகவே இருந்தது. சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தேன். முன் மட்கார்டு ஓரத்திலும் கதவுகளின் அடியிலும் நிற்காமல் விழுந்தது. அங்கெல்லாம் கனமான பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை. அதில் காந்தம் ஒட்டாது. எப்போதோ யாரோ துருவைச் சுரண்டாமல் பூசி மெழுகியிருக்கிறார்கள்.

கதவின் அடியில் தண்ணீர் வடிய துளைகள் உண்டு. மண் அடைத்துக்கொண்டால், கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். முதலில் அந்தத் துளைகளைக் குத்தி அடைப்பை எடுத்துவிடுங்கள். அரித்த தகரத்தை வெட்டிப் புதுசு வைப்பது டிங்கரிங் வேலை, அதை நான் பட்டறையில்தான் கொடுத்தேன்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். பட்டி காய்ந்ததும் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பட்டி தண்ணீரைக் குடிக்கும். அது தெரியாமல் சாயங்காலமே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு, அடித்துவிட்டேன். ஆறு மாதத்தில் கதவெல்லாம் கொப்புளம், அம்மை போட்ட மாதிரி. மறுபடி சுரண்டினேன். இந்த முறை பட்டியை 80, அப்புறம் 180 நம்பர் பேப்பரில் காய்வாகவே தேய்த்தேன். வெறும் தகரத்தை ஓர் இரவுகூட அப்படியே விடவில்லை, அன்றன்றே பிரைமர்.

அடுத்த தெரு பெயிண்டர் அண்ணாச்சி வந்து, கதவின் மேல் பனியன் துணியை விரித்து உள்ளங்கையால் தடவினார். "இங்க ஒரு பள்ளம் கெடக்கு தம்பி" என்றார். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கறுப்புப் பெயிண்டைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து, பிரைமர் மேல் புகை மாதிரி லேசாக அடித்தார். காய்ந்ததும் 400 பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்க்கச் சொன்னார். மேடெல்லாம் வெளுத்தது. அவர் சொன்ன இடத்தில் மட்டும் எட்டணா அகலத்துக்குக் கறுப்பு அப்படியே நின்றது.

பெயிண்டில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்), பி.யு. (பாலியூரித்தேன்) என்று இரண்டு வகை கேள்விப்பட்டிருப்பீர்கள். பி.யு. பளபளப்பு, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற சரக்கில்லை அது. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால் பெயிண்ட் பூத்தில் கொடுத்துவிடுங்கள். என்.சி. சீக்கிரம் காயும், தூசி ஒட்ட நேரமிருக்காது, தப்பினாலும் தேய்த்துச் சரிசெய்யலாம். நான் அதைத்தான் எடுத்தேன். (அதற்கும் கரி வடிகட்டி மாஸ்க் வேண்டும், பக்கத்தில் அடுப்பு, பீடி கூடாது.) பழைய எனாமல் மேல் நேராக அடித்தால் சுருங்கிப் பொங்கிவிடும், அதனால் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். மழை மூட்டத்தில் அடித்தால் பால் கொட்டிய மாதிரி வெளிறும். வெயில் ஏறிய பிறகு, ஸ்பிரே துப்பாக்கிக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் தொட்டியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. டிக்கி மேட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெயில் படாத பழைய நிறம் இருந்தது. கலர் மிக்சிங் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டி, அதே வெளிர்நீலத்தைக் கலக்கி வாங்கினேன்.