இடி அமீன் படத்தில் வரும் அந்த டாக்டர் நிஜமா?

கேள்வி: ‘தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து’ படம் பார்த்தேன். இடி அமீனுக்கு அப்படி ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் உண்மையிலேயே இருந்தாரா? படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இல்லை. உகாண்டாவை ஆண்ட சர்வாதிகாரி இடி அமீனுக்கு, படத்தில் வருகிற நிக்கோலஸ் காரிகன் என்று ஒரு டாக்டர் இருந்ததே கிடையாது. 1998-ல் கைல்ஸ் ஃபோடன் எழுதிய நாவலின் கதாபாத்திரம் அவர். அமீன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த பாப் ஆஸ்டில்ஸ் என்ற வெள்ளைக்காரரின் சாயல் கொஞ்சம் உண்டு. ஆனால் ஆஸ்டில்ஸ் முன்னாள் ராணுவக்காரர், இங்கிலாந்துக்காரர், மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

கற்பனை டாக்டரை வைத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவரை உள்ளே கொண்டுவருவதற்காக யாரை வெளியே தள்ளினார்கள் என்பதில்தான் எனக்கு நெருடல். அதற்கு முன்னால், படம் சரியாகப் பிடித்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அமீனைப் பார்த்தவுடன் யாரும் பயப்படவில்லை. ரொம்பப் பேருக்குப் பிடித்திருந்தது. 1971 ஜனவரி 25-ல் அவர் ஆட்சியைப் பிடித்தபோது அதிபர் ஒபோட்டே காமன்வெல்த் மாநாட்டுக்காக சிங்கப்பூரில் இருந்தார். தலைநகர் கம்பாலாவின் தெருக்களில் ஜனங்கள் ஆடிப்பாடினார்கள். பிரிட்டன் அவசர அவசரமாக அங்கீகாரம் கொடுத்தது. கொடுக்காமல் என்ன செய்யும்? 1946-ல் பிரிட்டிஷ் காலனிப் படையில் சமையல்காரருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, குத்துச்சண்டை சாம்பியனாகி, படிப்படியாக மேலே வந்தவர். அவர்கள் கையில் வளர்ந்த ஆள்.

அமீனாக நடித்த ஃபாரஸ்ட் விட்டேகர் இந்தக் கவர்ச்சியைத்தான் முதலில் நடித்துக் காட்டுகிறார். அந்த வேஷத்துக்காக ஸ்வாஹிலி கற்றுக்கொண்டார், அக்கார்டியன் வாசிக்கப் பழகினார், 2007-ல் ஆஸ்கர் வாங்கினார். பாதி ராத்திரியில் டாக்டரை வரவழைக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அமீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்கிறார். கடைசியில் பார்த்தால் வெறும் வாயு. அது வெளியே போனதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். நாமும் கூடவே சிரித்துவிடுகிறோம். நாட்டையே நடுங்கவைத்த ஆளோடு சேர்ந்து சிரிக்கவைக்கிற காட்சி இது, சும்மா காமெடிக்காக வைத்ததில்லை.

இன்னொரு காட்சி, என்னைப் பொறுத்தவரை படத்திலேயே பெரியது. ஆசியர்களை நாட்டைவிட்டு விரட்டிய பிறகு உலகமே தூற்றுகிறது. அமீன் டாக்டரிடம் பாய்கிறார்: வேண்டாம் என்று நீ எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னேனே என்கிறார் டாக்டர். சொன்னாய், ஆனால் என்னை ஒத்துக்கொள்ள வைக்கவில்லையே என்று கத்துகிறார் அமீன். செய்தது அமீன், குற்றவாளி மட்டும் எதிரில் நிற்கிறவன். விட்டேகர் முகத்தில் அந்த நேரத்தில் நடிப்பு தெரியாது, நிஜமாகவே துரோகம் செய்யப்பட்டவன் மாதிரி இருப்பார்.

ஆனால் அந்த வெளியேற்றம் படத்தில் எவ்வளவு நேரம் வருகிறது என்று பாருங்கள். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். 1972 ஆகஸ்டில் 90 நாள் கெடு வைத்து விரட்டினார்கள். பெரும்பாலும் குஜராத்திகள், தலைமுறை தலைமுறையாகக் கடை, ஆலை, கரும்புத் தோட்டம் என்று வாழ்ந்தவர்கள். பிரிட்டனுக்கு மட்டும் சுமார் 27,000 பேர் போனார்கள். கக்கிரா சர்க்கரை ஆலையை நடத்திய மத்வானி குடும்பத்தில் மனுபாயைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். விட்டுப்போன கடைகள் ராணுவத்துக்காரர்கள் கைக்குப் போயின. சரக்கு தீர்ந்தது, கடை மூடிற்று, பொருளாதாரம் படுத்துவிட்டது. படத்தில் இதெல்லாம் பின்னணி.

இப்போது நெருடலுக்கு வருகிறேன். அமீனின் மனைவி ஒருவர் பெயர் கே (Kay). அவர் மகெரெரே பல்கலைக்கழகத்தில் படித்தவர், பாதிரியார் மகள். படத்தில் காரிகனோடு உறவு வைத்து, கர்ப்பமாகி, அதற்காகக் கொல்லப்படுகிறார். அமீன் 1974-லேயே அவரை விவாகரத்து செய்துவிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அவர் உடல் கிடைத்தது. கருக்கலைப்பு தவறிப்போய் இறந்தார் என்றும், அதைச் செய்தவர் அவர் காதலராக இருந்த உகாண்டா டாக்டர்தான் என்றும் பரவலாகச் சொல்வார்கள். அந்த டாக்டரும் உடனே இறந்துபோனார். ஆக, அந்தக் கதையில் நிஜமாகவே ஒரு டாக்டர் இருந்தார், உகாண்டாக்காரர். அவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஸ்காட்லாந்துப் பையனை உட்காரவைத்திருக்கிறார்கள். 1974-ல் நடந்ததை, 1976-ல் கடத்தப்பட்ட விமானம் உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில் வந்து இறங்கிய சம்பவத்தோடு ஒட்டியும் விட்டார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து சுகாதார அமைச்சர் விஷயம். படத்தில் அவர் காரிகன் போட்டுக்கொடுத்ததால் சாகிறார். கடைசியில் காரிகனைத் தப்பவைக்கிற உகாண்டா டாக்டர், நீ வெள்ளைக்காரன், நீ சொன்னால் உலகம் நம்பும், போய்ச் சொல் என்று அனுப்பிவிட்டு அவரும் குண்டடிபட்டுச் சாகிறார். நிஜத்தில் அமீனின் சுகாதார அமைச்சராக இருந்தவர் ஹென்றி கியெம்பா. 1977-ல் வெளிநாடு போனவர் திரும்பவில்லை. அதே வருஷம் கண்ணால் கண்டதையெல்லாம் புத்தகமாக எழுதினார். என்டெபியில் பணயக்கைதிகளை இஸ்ரேல் படை மீட்ட பிறகு, முலாகோ ஆஸ்பத்திரியிலிருந்து டோரா பிளாக் என்ற வயதான பணயக்கைதிப் பெண்மணியை இழுத்துக்கொண்டுபோய்க் கொன்றதைப் பற்றி உள்ளேயிருந்து சொன்னதும் அவர்தான். உலகம் நம்பியது. அவர் வெள்ளைக்காரர் இல்லை.

படம் சாகடித்த பதவிக்காரர்தான் நிஜத்தில் தப்பிவந்து சாட்சி சொன்னார். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது அந்த “போய்ச் சொல்” வசனம் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அந்த வசனத்தில் மேற்கத்திய நாடுகள் மேல் ஒரு குத்தல் இருக்கிறது என்று வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கியெம்பாவுக்கு இடமில்லாமல் போனது போனதுதான். 1972-ல் நீதிமன்றத்திலிருந்தே இழுத்துச் செல்லப்பட்ட தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானுகாவுக்கும் இதில் இடமில்லை. கதை 1976-லேயே முடிந்துவிடுவதால், 1977-ல் கொல்லப்பட்டு, கார் விபத்து என்று கணக்குக் காட்டப்பட்ட பேராயர் ஜனானி லுவூமும் இல்லை.

இயக்குநர் கெவின் மெக்டொனால்டு ஆவணப்படத்திலிருந்து வந்தவர், படத்தை உகாண்டாவிலேயே எடுத்தார். அந்தச் செம்மண் தெருவும் கூட்டமும் செட் போட்டு வராது. அந்த மனிதரின் சுபாவத்துக்குப் படத்தை நம்புங்கள். யார், எப்போது, எப்படி செத்தார்கள் என்பதற்கு நம்பாதீர்கள்.

நிஜ அமீனையே பார்க்க வேண்டுமென்றால் 1974-ல் பார்பெட் ஷ்ரோடர் எடுத்த ஆவணப்படம் இருக்கிறது. அமீன் தானே அக்கார்டியன் வாசிப்பார், அமைச்சரவைக் கூட்டத்தில் வெளியுறவு அமைச்சரைத் திட்டுவார். கொஞ்ச நாளில் அந்த அமைச்சர் நைல் நதியில் பிணமாகக் கிடைத்தார். சில காட்சிகள் பிடிக்கவில்லை என்று உகாண்டாவில் இருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஷ்ரோடரை வெட்டவைத்தார் அமீன். ஆட்சி போன பிறகுதான் முழுப் படமும் வெளியே வந்தது. முதலில் அதைப் பாருங்கள். விட்டேகர் படத்தை வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கிற எண்ணம் இருந்தால், பிணவறைக் காட்சியையும் என்டெபியில் கொக்கியில் மாட்டும் காட்சியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.